முதலில் கண்ணால் தொடு

ஏடிஆர் 72 விமானத்தை வீட்டுக் கணினியில் ஓட்டப் பழகிய ஒரு வருட அனுபவம். தைபேயிலும் பொக்காராவிலும் நடந்த இரண்டு விபத்துகள் ஒவ்வொரு பயிற்சியின்போதும் ஏன் நினைவுக்கு வருகின்றன?

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் ஏடிஆர் விமானத்தில் வலப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால், கதவு மூடும் முன்பு சில நாட்களில் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அதன் கீச்சொலி ஜன்னலைத் தாண்டிக் கேட்கும். பின்பக்கம் வெளியேறும் சூட்டில் தூரத்துக் கட்டடங்கள் நெளியும். ஆனால் எஞ்சினுக்கு முன்னால் இருக்கிற ஆறு அலகு விசிறி அசையாது. வீட்டுக் கிரைண்டரில் மோட்டார் ஓடிக் கல் மட்டும் நின்றால், பெல்ட் அறுந்துவிட்டது என்போம். இங்கே அறுந்தது எது?

முதல்முறை பார்த்தபோது பயந்தேன். அடுத்தடுத்த பயணங்களில் பயம் போய்க் கேள்வி மட்டும் தங்கிவிட்டது. அந்தக் கேள்வியின் பின்னால் போய்த்தான், ஐம்பதை நெருங்கும் வயதில், வீட்டு மேசையில் ஒரு விமானத்தை ஓட்டக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். நான் விமானி இல்லை, ஆகப்போவதும் இல்லை. சிக்கலான ஓர் இயந்திரத்தை அடி முதல் நுனி வரை புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. ஒரு வருடம் முடிந்திருக்கிறது. கற்றதில் பாதி எஞ்சினைப் பற்றியது. மீதிப் பாதி, அவசரம் என்று வந்தால் மனிதனின் கை என்ன செய்யும் என்பதைப் பற்றியது.

சின்ன ஓடுபாதைக்கு ஏற்ற விமானம்

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை நீண்ட காலம் 1,350 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. ஏடிஆர் 72-600, கடல்மட்டத்தில் முழுச் சுமையோடு சுமார் 1,300 மீட்டரில் கிளம்பிவிடும். எங்கள் ஊருக்கு விமானம் என்று ஒன்று வந்ததே இந்த வகை விமானங்களால்தான். 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து போய் இறங்கியதும் ஓர் ஏடிஆர் 72 தான். இப்போது வாகைக்குளத்தின் ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. ஆனாலும் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு விமானம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது, உயரத்தில் இறக்கை வைத்த, விசிறி போட்ட இந்த விமானம்தான்.

பிரான்சின் ஏரோஸ்பேசியலும் இத்தாலியின் ஏரிடாலியாவும் கைகோத்து 1981இல் தொடங்கிய நிறுவனம் ஏடிஆர். தலைமையகம் பிரான்சின் துலூஸ் நகரம். முதல் விமானமான ஏடிஆர் 42, 1984இல் பறந்தது. அதை நீட்டி ஏடிஆர் 72 என்று 1988இல் பறக்கவிட்டார்கள். இன்று நாம் ஏறும் 600 வரிசை, 2011இல் மொராக்கோ நாட்டு விமான நிறுவனத்திடம் முதலில் ஒப்படைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் இதே விமானம் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்குள் வந்தது. பொத்தான்களைப் படமாக ஒட்டாமல், பெரும்பாலானவற்றை வேலை செய்யும்படியே அமைத்திருந்தார்கள். என் கேள்விக்குப் பதில் அதற்குள் இருக்கும் என்று தோன்றியது.

இருட்டுக் காக்பிட்

சிமுலேட்டரில் ஓடுபாதையில் எஞ்சின் ஓடும் நிலையிலேயே தொடங்கலாம். பேட்டரிகூடப் போடாமல், எல்லாம் அணைந்து கிடக்கும் நிலையிலும் தொடங்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். முதல் இரவு இரண்டு மணி நேரம் கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்தினேன். விளக்குகள் எரிந்தன, மணிகள் அடித்தன, திரைகள் விழித்தன. எஞ்சினும் எப்படியோ ஓடியது. சக்தியைக் கூட்டும் பவர் லீவரைத் தள்ளினால், அது கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. கணினியில்தான் கோளாறு என்று நினைத்து அணைத்துவிட்டுப் படுத்தேன்.

கோளாறு என்னிடம். நிற்கிற விமானத்தின் வால் பகுதியையும் இறக்கை நுனியையும் காற்று அடித்து ஆட்டாமலிருக்க, ஸ்டியரிங்கைப் பூட்டி வைக்கும் ஒரு சிறிய பிடி உண்டு. கஸ்ட் லாக் என்பார்கள். அது போட்டிருக்கும்வரை பவர் லீவர் முழுதாக முன்னால் போகாது. பூட்டிய விமானத்தை ஓட்டிக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். விமானம் என்னைத் தடுத்தது. தடுப்பின் பொருள் எனக்கு விளங்கவில்லை.

அப்பா லாரி ஓட்டியவர். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் கட்டையால் தட்டிக் காதால் கேட்பார். எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்த நாளில் நான் ஏறி உட்கார்ந்ததும் கியரைப் பிடித்தேன். என் மணிக்கட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார்: “பாக்காம கைய வைக்காத. மொதல்ல கண்ணால தொடு, பொறவு கையால தொடுல.” மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் அந்த வரியை எழுதினேன். அடுத்த மூன்று வாரம் விமானத்தைக் கிளப்பவில்லை. காக்பிட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொத்தானாகப் பெயர் சொல்லிப் பார்த்தேன்.

இரண்டு மேசை விசிறிகள்

விசிறி நிற்க எஞ்சின் ஓடும் மர்மம் அந்த மூன்று வாரத்தில்தான் விலகியது.

மேசையில் இரண்டு விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அதன் காற்று பட்டு இரண்டாவதும் சுற்றத் தொடங்கும். இப்போது இரண்டாவதைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் முதல் விசிறி தன் பாட்டுக்கு ஓடும். இரண்டுக்கும் நடுவே காற்று மட்டும்தான் இருக்கிறது. ஏடிஆரின் பிராட் அண்ட் விட்னி கனடா எஞ்சினும் இந்த வகைதான். உள்ளே வரும் காற்றை அழுத்தி, எரிபொருளோடு எரித்து, அந்தச் சூடான வாயுவால் டர்பைன்களைச் சுழற்றுகிறது. சில டர்பைன்கள் காற்றை அழுத்தும் வேலைக்குச் சக்தி தருகின்றன. கடைசியில் இருக்கும் பவர் டர்பைன் அவற்றோடு எந்தத் தண்டாலும் இணைக்கப்படவில்லை. வாயு மோதித்தான் அது சுற்றுகிறது. நிமிடத்துக்கு 20,000 சுற்று. பற்சக்கரப் பெட்டி அதைக் குறைத்து விசிறிக்கு 1,200 சுற்றாகத் தருகிறது.

ஆகவே விசிறியை பிரேக் போட்டு நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓட்டலாம். பல விமானங்களில் தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தர வாலில் ஒரு சின்ன எஞ்சின் தனியாக இருக்கும். ஏடிஆரில் அது கிடையாது. எடையை மிச்சம்பிடித்து, அந்த வேலையை வலது எஞ்சினிடமே கொடுத்திருக்கிறார்கள். பயணிகள் ஏறும் கதவு இடப்பக்கம் இருப்பதால் வலப்பக்கம். இதற்கு ஹோட்டல் மோடு என்று பெயர். நான் ஜன்னல் வழியே பார்த்துப் பயந்தது இதைத்தான்.

அதை என் கையால் செய்த நாள் மறக்காது. பேட்டரி, எரிபொருள் பம்ப், விசிறி பிரேக். ஸ்டார்ட் பொத்தான். உள் சுழற்சி 10 சதவீதம் தாண்டும்வரை காத்திருந்து எரிபொருளைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால், தேவையான காற்று வருவதற்குள் தீ பற்றி, டர்பைன் தாங்காத சூடு ஏறும். எண்கள் ஏறின. 10. லீவரை நகர்த்தினேன். வெப்பமானி சர்ரென்று உயர்ந்து, தயங்கி, இறங்கியது. 45 சதவீதத்தில் ஸ்டார்ட்டர் தானாக விலகியது. மேசையில் விசிறி அசையாத ஓர் எஞ்சின் ஓடியது. எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நான்கு லீவர்கள்

ஜெட் விமானத்தில் எஞ்சினுக்கு ஒரு லீவர் போதும். ஏடிஆர் போன்ற விசிறி விமானத்தில், அதாவது டர்போபிராப்பில், இரண்டு. இடப்பக்கம் பவர் லீவர் ஒரு ஜோடி. அதற்கு வலப்பக்கம் கண்டிஷன் லீவர் ஒரு ஜோடி. இன்னும் வலத்தே இறக்கை மடலை இறக்கும் ஃபிளாப் லீவர். மூன்றும் ஒரே கையெட்டில். இந்த அமைப்பை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

பவர் லீவர் எவ்வளவு சக்தி என்று கேட்கிறது. கண்டிஷன் லீவர் விசிறியின் நிலையைத் தீர்மானிக்கிறது. இந்த விசிறி கூரை விசிறியைப் போல ஒரே கோணத்தில் வெட்டிய தகடு கிடையாது. ஒவ்வோர் அலகும் தன் அச்சில் திரும்பும். மண்வெட்டியைப் படுக்கவைத்துச் சீவினால் கொஞ்சம் மண் வரும், சாய்த்து இறக்கினால் நிறைய வரும் அல்லவா, அதுபோலத்தான். சக்தி கூடும்போது விசிறியின் வேகம் கூடுவதில்லை. அலகு சாய்ந்து அதிகக் காற்றை அள்ளுகிறது. கிளம்பும்போது சுழற்சி 100 சதவீதம். மேலேறத் தொடங்கியதும் 82. தூத்துக்குடி விமானத்தில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இரைச்சல் திடீரென்று ஒரு சுதி இறங்கும். பக்கத்து இருக்கைக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. 100 போய் 82 வந்திருக்கிறது.

எஞ்சின் பழுதானால் இதே அலகுகள் எமனாகும். காற்றை முகத்தோடு எதிர்க்கும் ஆறு அலகுகளும் ஒரு தட்டைப் பலகைபோல விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அப்போது அலகின் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி திருப்பிவிட வேண்டும். துடுப்பு வலிப்பவர், வலித்து முடித்ததும் துடுப்பைப் படுக்கவைத்துத் தூக்குவதுபோல. இதற்கு ஃபெதர் என்று பெயர். கண்டிஷன் லீவரைப் பின்னால் இழுத்தால் ஃபெதர். பழுதான எஞ்சினில் அது உயிர் காக்கும். நல்ல எஞ்சினில் செய்தால் விமானத்துக்கு உந்துதலே இல்லாமல் போகும்.

கிளம்பும் நேரத்தில் இதை விமானமே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஏடிஆரில் உண்டு. ஓர் எஞ்சினின் முறுக்குவிசை 18 சதவீதத்துக்குக் கீழே விழுந்தால், மற்ற எஞ்சினின் சக்தி தானாகக் கூடும். இரண்டு விநாடிகளில் பழுதானதன் விசிறி தானாக ஃபெதர் ஆகும். விமானியின் கை அந்த நேரத்தில் லீவருக்குப் போகவே தேவையில்லை. நேராகப் பறக்கவைத்தால் போதும்.

கமுதிக்கு மேலே கணக்கு

பறக்கத் தொடங்கியதும் வேறொரு பாடம். பெரிய ஜெட்களில் வேகத்தைப் பிடித்துவைக்கும் தானியங்கி உண்டு. ஏடிஆரில் அது இல்லை. வேகத்துக்கு விமானியின் கையே பொறுப்பு. இரண்டு விசிறிகளும் ஒரே திசையில் சுற்றுவதால், சக்தி கொடுத்தவுடன் மூக்கு இடப்பக்கம் ஓடப் பார்க்கும். வலது காலால் பெடலை மிதித்து நேராக்க வேண்டும். சக்தியை மாற்றும்போதெல்லாம் காலும் மாற வேண்டும். ஆரம்பத்தில் என் விமானம் மீனம்பாக்கத்தின் ஓடுபாதை நடுக்கோட்டில் நின்றதே இல்லை. இரண்டு மாதம் கழித்து, கால் தானாக வேலை செய்ததைக் கவனித்தேன். சைக்கிள் பழகும்போது ஒரு நாள் பின்னால் பிடித்தவர் கையை எடுத்துவிட்டதை உணர்வோமே, அந்த உணர்வு.

இறங்கும் கணக்கு மனதிலேயே போடுவது. உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்கினால், எத்தனை கடல் மைலுக்கு முன்னால் இறங்கத் தொடங்க வேண்டும் என்று கிடைக்கும். 16,000 அடியில் வந்தால் 48 கடல் மைல், ஏறத்தாழ 89 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நேர்கோட்டில் வந்தால் அந்த இடம் கமுதி. கமுதிக்கு மேலே வரும்போது நான் இறக்கத்தைத் தொடங்காவிட்டால், வாகைக்குளத்தில் உயரமாக வந்து நிற்பேன். பலமுறை அப்படி நின்றிருக்கிறேன்.

தரையிறக்கத்தில் டர்போபிராப் தன் குணத்தைக் காட்டும். மேற்கத்திக் காற்று வீசும் மாதங்களில், கடல் பக்கமிருந்து உப்பளங்களைத் தாண்டி ஓடுபாதைக்கு வர வேண்டும். கடைசி நேரத்தில் சக்தியை முழுதாகக் குறைத்தால், பெரிய விசிறிகள் இரண்டும் காற்றைத் தடுத்து விமானத்தைப் பொத்தென்று போட்டுவிடும். கொஞ்சம் சக்தியைப் பிடித்துவைத்து, 20 அடி உயரத்தில்தான் பவர் லீவரை மெதுவாகப் பின்னால் எடுக்க வேண்டும். இறங்கிய பிறகு இன்னொரு கதவு. வானத்தில் போகக்கூடாத கோணத்துக்கு அலகுகள் போய்விடாமல் தடுக்கும் ஒரு தடை லீவரில் இருக்கிறது. சக்கரம் தரையைத் தொட்ட பிறகே அதைத் தாண்ட வேண்டும். இரண்டு எஞ்சினுக்குமான விளக்குகள் எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகே விசிறியைப் பின்தள்ளும் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தமிழ்நாட்டு வானத்திலும் பனி

பனி உறைதலைப் பற்றிப் படிக்க வேண்டுமா என்று முதலில் நினைத்தேன். நம் ஊரில் ஏது பனி? ஆனால் வெயில் கொளுத்தும் மதுரைக்கு மேலேயும் 16,000 அடியில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இருக்கும். மேகத்துக்குள் நுழைந்தால் இறக்கையில் பனி படியலாம். ஜெட்கள் இந்த உயரத்தைச் சீக்கிரம் கடந்து மேலே போய்விடும். டர்போபிராப் பயணம் செய்வதே இந்த அடுக்கில்தான். வெளி வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போய்க் கண்ணுக்குத் தெரியும் ஈரமும் இருந்தால், விசிறி அலகுகளுக்குச் சூடேற்றும் ஸ்விட்சுகளைப் போட வேண்டும். பனி படியத் தொடங்கினால், இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டியிருக்கும் ரப்பர் பைகளை ஊதவைத்துப் பனியை உடைக்க வேண்டும். இடப்பக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு சிறு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். பனி வருகிறதா என்று விமானி கண்ணால் பார்ப்பதற்கென்றே வைத்தது அது.

இந்த ஸ்விட்சுகளுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் ரோஸ்லான் அருகே, சிகாகோவில் இறங்கக் காத்து வட்டமடித்த ஓர் ஏடிஆர் 72 விழுந்து 68 பேரும் இறந்தார்கள். ரப்பர் பைகள் எட்டாத இடத்தில் பனி வரம்புபோலப் படிந்து, விமானத்தைச் சாய்க்கும் மடல்களைத் தன்பக்கம் இழுத்துவிட்டது. அதன் பிறகு பைகள் அகலமாக்கப்பட்டன, விதிகளும் மாறின. 2024 ஆகஸ்டில் பிரேசிலின் வின்யேடு நகரில், பனிச் சூழலில் பறந்த ஓர் ஏடிஆர் 72 விழுந்து 62 பேர் இறந்தார்கள். அன்றிரவு என் நோட்டில் பனிக்கான பக்கத்தை மறுபடி புதிதாக எழுதினேன்.

இரண்டு கைகள்

இனி, நான் எழுதத் தயங்கிய பகுதி.

2015 பிப்ரவரி 4. தைபே நகரின் சோங்ஷான் விமான நிலையத்திலிருந்து டிரான்ஸ் ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72-600 கிளம்புகிறது. சுமார் 1,200 அடியில் எச்சரிக்கை மணி. உணர்வுக் கருவி ஒன்றின் இணைப்பில் ஏற்பட்ட பழுதால், வலது விசிறி தானாக ஃபெதர் ஆகிவிட்டது. இடது எஞ்சினின் சக்தியை விமானமே கூட்டியும் விட்டது. விமானம் ஒற்றை எஞ்சினில் மேலேறியிருக்க முடியும். கேப்டனின் கை லீவருக்குப் போனது. பின்னால் இழுக்கப்பட்டது இடது பவர் லீவர். ஓடிக்கொண்டிருந்த நல்ல எஞ்சின். தவறான பக்கத்தை இழுத்துவிட்டோம் என்று அவர் உணர்ந்ததும் குரல் பதிவில் இருக்கிறது. அதற்குள் உயரம் தீர்ந்துவிட்டது. மணி அடித்த இரண்டு நிமிடத்துக்குள், இறக்கை ஒரு மேம்பாலத்தை உரச, விமானம் கீலுங் ஆற்றில் விழுந்தது. இருந்தவர்கள் 58 பேர். இறந்தவர்கள் 43. பதவி உயர்வின்போது நடந்த சிமுலேட்டர் தேர்விலேயே, எஞ்சின் பழுதைக் கையாள்வதில் அவருக்கிருந்த குறைகள் பதிவாகியிருந்ததை விசாரணை அறிக்கை சொல்கிறது.

2023 ஜனவரி 15. காத்மண்டுவிலிருந்து பொக்காராவின் புதிய விமான நிலையத்துக்கு யெட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 வருகிறது. விமான நிலையம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த விமானி ஃபிளாப்பை 30க்கு இறக்கச் சொல்கிறார். பக்கத்து இருக்கையிலிருந்த, அனுபவம் மிக்க பயிற்சி கேப்டனின் கை போகிறது. நகர்ந்தது ஃபிளாப் லீவர் இல்லை, அதன் பக்கத்திலிருந்த இரண்டு கண்டிஷன் லீவர்களும். இரண்டு விசிறிகளும் ஃபெதர் ஆயின. பவர் லீவரைத் தள்ளியும் உந்துதல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இருவருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. விமானத்திலிருந்த 72 பேரும் இறந்தார்கள்.

பொக்காரா விபத்தின் விசாரணை அறிக்கை பற்றிய செய்தியை முதலில் படித்தபோது, ஒரு கேப்டன் எப்படி இப்படிச் செய்ய முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு, வாகைக்குளத்துக்கு இறங்கும்போது, காற்று அலைக்கழிக்க, வேகம் கூடியிருக்க, ரேடியோ பேசிக்கொண்டிருக்க, என் கை ஃபிளாப்புக்காகப் போனது. விசிறிகளின் சத்தம் அடங்கியது. திரையில் முறுக்குவிசை எண்கள் சரிந்தன. நான் தொட்டிருந்தது கண்டிஷன் லீவரை. மேசைக்கு முன்னால் எந்த ஆபத்தும் இல்லாத ஒரு மனிதனின் கை, அதே தவறைச் செய்தது. விமானம் உப்பளத்தில் விழுந்தது. கணினியை அணைத்துவிட்டு நெடுநேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேப்டனைப் பற்றி நான் நினைத்ததற்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

அனுபவம் கூடக்கூடக் கை வேகமாகிறது. கண்ணைக் கேட்காமல் போகவும் கற்றுக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் விமானிகள் ஒருவர் சொல்ல, மற்றவர் தொட்டுப் பார்த்துத் திரும்பச் சொல்லி, பிறகு நகர்த்துகிறார்கள். எஞ்சின் பழுதென்றால் எந்த எஞ்சின் என்று ஒருவர் அடையாளம் சொல்வார். இன்னொருவர் எண்ணைப் பார்த்து ஆமோதிப்பார். அதன் பிறகே கை அசையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சடங்குபோலத் தெரியும் இந்தப் பரிமாற்றம், கைக்கும் கண்ணுக்கும் நடுவே வேண்டுமென்றே போட்ட ஒரு வேகத்தடை.

ஆர்கன் துருத்தியில் பிறந்த பள்ளிக்கூடம்

இந்த வேகத்தடையைச் சாகாமல் பழகுவதற்குத்தான் சிமுலேட்டர். அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளை வைத்து, சாயவும் திரும்பவும் கூடிய ஒரு சின்ன மரப்பெட்டி விமானத்தை 1929இல் உருவாக்கினார். முதலில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் விமானங்களை ஓட்டத் தொடங்கி, மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்தபோது ராணுவத்தின் கண் அந்தப் பெட்டியின் மேல் விழுந்தது. ஆறு வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் பல லட்சம் பேர் அந்த நீலப் பெட்டியில் பழகினார்கள்.

இன்றைய முழுமையான சிமுலேட்டர், ஆறு இயந்திரக் கால்களில் நிற்கும் ஓர் அறை. உள்ளே அசல் காக்பிட். போதிய அனுபவமுள்ள விமானி, புதிய வகை விமானத்துக்கான பயிற்சியை முழுக்க அதிலேயே முடித்துவிட்டு, நேராகப் பயணிகளோடு பறக்கப் போகலாம். விமான நிறுவனங்களின் விமானிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய், எஞ்சின் அணைவதையும் தீப்பிடிப்பதையும் எதிர்கொண்டு திரும்ப வேண்டும். அசல் விமானத்தில் ஒருபோதும் பழகக்கூடாத பாடங்கள் அவை.

என் மேசை அந்த அறைக்கு ஈடாகாது. நாற்காலி சாய்வதில்லை. பெடலில் காற்றின் எதிர்ப்பு இல்லை. பக்கத்தில் சரிபார்க்கும் இரண்டாவது விமானி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பயம் இல்லை. இதில் பழகியவன் விமானத்தை ஓட்டிவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சிந்திக்கும் வரிசை உண்மையானது. எது எதைச் சார்ந்திருக்கிறது, எதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இந்த மேசை கற்றுக்கொடுக்கும். விமானத் துறையைக் கனவு காணும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை விளையாட்டு என்று தள்ளாதீர்கள். ஆனால் முதல் நாளே பறக்க விடாதீர்கள். மூன்று வாரம் இருட்டுக் காக்பிட்டில் உட்காரவிடுங்கள்.

மடியில் கை

எனக்கு நானே ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை தைபே. 1,200 அடியில் வலது எஞ்சினை அணையச் சொல்லிச் சிமுலேட்டருக்குக் கட்டளை கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். நிறுத்தும் பொத்தானைத் தொடுவதில்லை என்பது எனக்கு நான் போட்ட விதி. முதல் ஆறு வாரத்தில் இரண்டு முறை நானும் தவறான லீவரைத் தொட்டேன்.

இப்போது மணி அடித்ததும், எந்தக் காலை மிதிக்க வேண்டும் என்று அறிய, முதலில் விமானம் திரும்பும் பக்கத்தைப் பார்க்கிறேன். வலது எஞ்சின் போனால் மூக்கு வலப்பக்கம் ஓடும். இடது கால் மிதிக்க வேண்டும். மூக்கு நேரானதும் வேகத்தைப் பார்க்கிறேன். அதுவரை என் வலது கை மடியில் இருக்கும். பிறகு முறுக்குவிசை எண்கள். இடது 100. வலது 0. வாய்விட்டுச் சொல்கிறேன்: “போனது இரண்டாம் எஞ்சின்.” லீவரின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கிறேன். 2. அதற்குப் பிறகுதான் கையைத் தூக்குகிறேன்.

அந்தச் சில விநாடிகள் நீளமாக இருக்கின்றன. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கை துடிக்கிறது. மணிக்கட்டின் மேல் அப்பாவின் விரல்கள் அழுத்துவதுபோல இருக்கிறது. விமானம் ஒற்றை விசிறியோடு மெதுவாக, மிக மெதுவாக மேலே ஏறுகிறது.